குழந்தை வரும் வீட்டில் நாய்: ஊருக்கு அனுப்புவதா, கூடவே வைத்துக்கொள்வதா?

நாலாவது மாதம் முடிந்து விஷயத்தை வெளியே சொல்ல ஆரம்பித்த அன்றிலிருந்து, வாழ்த்தோடு சேர்ந்தே ஒரு கேள்வியும் வந்துகொண்டிருந்தது. "அப்போ மணியை என்ன பண்ணப்போறீங்க?"

மணி எங்கள் நாட்டு நாய். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில், அல்சூர் ஏரிப் பக்கம் குட்டியாகக் கிடந்தவனை என் கணவர் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். பெங்களூரு ராமமூர்த்தி நகரில், மூன்றாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீடு எங்களுடையது. என் அம்மா வீடு கும்பகோணம். கணவர் வீடு தருமபுரி பக்கத்துக் கிராமம். அலசிப் பார்த்ததில் நாலு வழி தெரிந்தது. சில மாதத்துக்கு மணியை மாமனார் வீட்டில் விடுவது. காசு கொடுத்து, நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விடுவது. வழக்கப்படி நான் தாய்வீடு போய்விட, மணி அவரோடு இங்கேயே இருப்பது. அல்லது அம்மாவை இங்கே வரவழைத்து, குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மணி இருக்கிற வீட்டுக்கே கொண்டுவருவது.

ஐந்தாவதாக ஒன்றையும் பலர் சொன்னார்கள்: யாருக்காவது கொடுத்துவிடுவது. இதுவரை யாரையும் கடிக்காத, வீட்டில் நிம்மதியாக இருக்கிற நாயைக் குழந்தை வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுப்பதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. தெருவில் கொண்டுபோய் விடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய் பெங்களூரு தெருநாய்க் கூட்டத்துக்கு நடுவில் எத்தனை நாள் தாங்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஆனால் கொடுப்பதுதான் சரி என்கிற வீடுகளும் உண்டு. நாய் ஏற்கெனவே ஆளைக் கடித்திருந்தால், சின்னப் பிள்ளைகளைக் கண்டாலே உடம்பு விறைத்து, சத்தமில்லாமல் வெறித்துப் பார்த்தால், அங்கே பழக்கிப் பார்க்கலாம் என்று குழந்தையைப் பணயம் வைக்கக்கூடாது. நாய்களின் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு, குழந்தை இல்லாத, நாய் வளர்த்து அனுபவப்பட்ட வீடாகப் பார்த்துக் கொடுப்பது அந்த நாய்க்கும் நல்லது.

பயத்தின் பாதி, நோயைப் பற்றியது

"நாய் இருக்கிற வீட்டில் கர்ப்பிணி இருக்கலாமா, டாக்சோவோ என்னவோ வருமாமே" என்று உறவில் ஒருவர் போன் செய்து கேட்டார். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியைக் கழிவில் வெளியேற்றுவது பூனை. நாயின் கழிவிலிருந்து அது அப்படிப் பரவுவதில்லை. சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத காய்கறியும், வெறுங்கையால் மண்ணைக் கிளறுவதும்தான் நமக்கு மற்ற வழிகள். இதைத் தெரியாமலே எத்தனையோ நாய்கள் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டிருக்கும்.

நாயிடமிருந்து உண்மையில் கவனிக்கவேண்டியவை வேறு. உருண்டைப் புழு, உண்ணி, ரேபிஸ். உருண்டைப் புழுவின் முட்டை நாயின் கழிவோடு வெளியே வந்தவுடனே தொற்றாது. மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் கழிவை அன்றன்றே அள்ளிப்போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்தால் பெரும்பகுதி அபாயம் போய்விடும். ரேபிஸ் தடுப்பூசி வருடம் தவறாமல் போடவேண்டும். உண்ணிக்கு மாத மருந்து. ஹெப்பாளில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, பக்கத்துத் தெருவில் தனியார் கிளினிக்கும் இருக்கும். எங்கே என்பது முக்கியமில்லை. ஏழாவது மாதத்துக்குள் எல்லா ஊசியும் போட்டு, அட்டையில் தேதி ஏறியிருக்கவேண்டும்.

மூச்சுக்கோளாறு வரும் என்பார்கள். ஃபின்லாந்தில் 397 குழந்தைகளை முதல் வருடம் முழுக்கத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வில், நாய் இருந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி இருமல் தொல்லை குறைவாக இருந்தது. ஸ்வீடனில் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2015இல் வந்த ஆய்வில், முதல் வருடத்தில் நாயோடு வளர்ந்தவர்களுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வாய்ப்பு சுமார் 13 சதவீதம் குறைவு. நாய்தான் காரணம் என்று இவை நிரூபிக்கவில்லை, சேர்ந்து காணப்பட்டது என்றுதான் சொல்கின்றன. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நாய் முடியால் ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தால் கணக்கே வேறு. ஆனால் நோய்க்குப் பயந்து நாயை அனுப்ப எங்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

தருமபுரிக்கு அனுப்புவது

அத்தை மனசாரக் கூப்பிட்டார். "வாயில்லா ஜீவன்மா, இங்க கொண்டாந்து விடு. தோட்டத்துல கிடக்கட்டும், நான் சோறு போடுறேன்." காசு செலவில்லை, காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், பார்த்துக்கொள்பவர்கள் நம் மனிதர்கள். முதலில் எனக்கு இதுதான் நல்ல வழியாகப் பட்டது.

யோசிக்க யோசிக்கத்தான் இடித்தது. மணி மாடிவீட்டு நாய். கிணறு, வேலி தாண்டி வரும் பக்கத்து வீட்டு நாய்கள், பாம்பு எதுவும் அவனுக்குத் தெரியாது. அதனால் கட்டித்தான் போடவேண்டியிருக்கும். ஐந்து வருடம் வீட்டுக்குள் சுற்றியவனை ஐந்து மாதம் சங்கிலியில் போட்டால் திரும்பி வருவது அதே மணியாக இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் காலக்கணக்கில் இருந்தது. குழந்தைக்கு ஐந்தாறு மாதமானதும் கூட்டிவரலாம் என்றால், அப்போதுதான் பிள்ளை புரண்டு, தவழ எத்தனிக்கும். அசையாமல் துணிக்குள் கிடக்கிற பச்சைக் குழந்தையோடு நாய் பழகுவது எளிது. கையை நீட்டி வாலைப் பிடிக்க வருகிற குழந்தையை முதல் நாளே எதிரில் கொண்டுபோய் நிறுத்தினால் அது அதற்கு யாரோ ஒரு அந்நியம். பானஸ்வாடியில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று இப்படித்தான் செய்தார்கள். நாய் திரும்பி வந்த பிறகு இரண்டு மாதம் இரண்டு அறைக் கதவையும் மாற்றி மாற்றிச் சாத்திக்கொண்டு வாழ்ந்தார்கள். சுலபமான மாதங்களில் நாயை வெளியே வைத்துவிட்டுக் கடினமான மாதத்தில் உள்ளே அழைப்பது என்பதுதான் இந்த வழியின் கோளாறு.

போர்டிங்

இதற்கு நிறைய எழுதத் தேவையில்லை. நாங்கள் கேட்ட இடத்தில் ஒரு இரவுக்கு 800 ரூபாய். நாற்பது நாளுக்கு 32,000. சோதனைக்காக மூன்று நாள் விட்டுப் பார்த்தோம். திரும்பி வந்தபோது காதுக்குள் கொத்துக்கொத்தாக உண்ணி. இரண்டு வாரத்தில் காய்ச்சல். சோறு தின்னாமல் படுத்துவிட்டான். ரத்தப் பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்து மாத்திரை முடிக்க ஒரு மாதம் ஆனது. எல்லா இடமும் அப்படி என்று சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற இரண்டு மூன்று இரவுக்கு, வீட்டில் வேறு ஆளே இல்லை என்றால், நேரில் போய்ப் பார்த்து வைத்த இடத்தில் விடலாம். குழந்தையோடு பழக்குவதற்கான வழியாக இதை நினைக்கக்கூடாது. வீட்டுக்குள் நடக்கிற மாற்றத்தை வீட்டுக்கு வெளியே இருந்து நாய் கற்றுக்கொள்ளாது.

தாய்வீடா, பெங்களூருவா

நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

எங்கள் பக்கம் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு போவது வழக்கம். பிரசவம், பத்தியம், எண்ணெய்க் குளியல் எல்லாம் அங்கே. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு திரும்புவாள். தாய்க்கு ஓய்வு என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. மணியைக் கும்பகோணம் கூட்டிப்போகிற யோசனையும் வந்தது. ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் இரண்டு பேருக்கான கூபே அறையையோ நாலு பேருக்கான கேபினையோ முழுசாகப் பதிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் கார்டு வண்டியில் இருக்கிற நாய்ப் பெட்டியில்தான் ஏற்றுவார்கள். ஏசி இரண்டடுக்கிலும் மூன்றடுக்கிலும் அனுமதியே இல்லை. அந்த யோசனையை அதோடு விட்டோம்.

மணி அவரோடு இங்கேயே இருப்பது என்றால், நாயின் கண்ணால் பார்க்கவேண்டும். தினமும் கூட இருந்தவள் ஒருநாள் பெட்டியோடு போய்விடுகிறாள். ஐந்து மாதம் ஆளே இல்லை. அவர் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் வைட்ஃபீல்டு நெரிசலைத் தாண்டி இரவு எட்டுக்குத் திரும்புவார். பதினோரு மணி நேரம் தனிமை. பிறகு அவள் திரும்பி வருகிறாள், புது வாசனையோடு, கையில் அழுகிற ஒன்றோடு, தன்னைத் தொடக்கூட நேரமில்லாமல். கெட்ட நாய் என்று யாரும் இல்லை, ஆனால் இது எந்த நாய்க்கும் கடினம்.

அதே சமயம் இந்த வழியை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். மூன்றாம் மாதமே திரும்பிவிடுவதாக இருந்தால், தவழ ஆரம்பிக்க இன்னும் மூன்று நாலு மாதம் கையில் இருக்கிறது. அதற்குள் பழக்கிவிடலாம். கணவர் வாரம் ஒருமுறை வந்து பார்க்கும்போது குழந்தையைச் சுற்றிய துணியைத் துவைக்காமல் எடுத்துப்போய், நாய் படுக்கைக்குச் சற்றுத் தள்ளி வைத்து, அது வந்து மோந்துவிட்டு அமைதியாக இருந்தால் பிடித்த தீனியைக் கொடுக்கவேண்டும். பகலில் நாயை வெளியே கூட்டிப்போக ஆள் ஏற்பாடு செய்யவேண்டும். பெண்ணுக்குப் பிரசவத்தில் சிக்கல் இருந்தாலோ, பெங்களூருவில் உதவிக்கு ஆளே இல்லை என்றாலோ, தாய்வீடுதான் சரி. தாயின் உடம்புதான் முதல் கணக்கு, நாய் அதற்குப் பிறகு.

எங்களுக்கு நாலாவது வழி வாய்த்ததற்குக் காரணம் அம்மா. நாய் பூஜை அறைப் பக்கம் வரக்கூடாது என்பதில் அம்மா கறார். "பச்ச உடம்புக்காரி வீட்டுல நாயா?" என்று முதலில் மறுத்தார். அவர் மனம் மாறியது விவாதத்தால் இல்லை. பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்து தங்கச் சொன்னோம். நாலாம் நாள் காலையில் அம்மா வாசலில் கோலம் போட, மணி படி ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்து வரும்வரை அசையவில்லை. அன்றைக்கு அம்மாவே அவனுக்கு இட்லி வைத்தார். முன்னதாக வந்ததில் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. புது மனுஷியும் புதுக் குழந்தையும் ஒரே நாளில் வீட்டுக்குள் நுழையவில்லை.

இந்த வழிக்கு விலை என்ன என்பதையும் மறைக்கக்கூடாது. வீட்டில் இரண்டு பெரியவர்களாவது இருக்கவேண்டும். ஒருவர் குழந்தைக்கு, ஒருவர் நாய்க்கு. நானும் குழந்தையும் மட்டும் தனியாக இருக்கிற பகல் என்றால் இதைத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டேன்.

ஐந்தாம் மாதத்திலிருந்து செய்தவை

நாய் வளர்ப்பைப் பற்றி இங்கிலீஷில் கிடைக்கும் யோசனைகள் எல்லாம் குழந்தைக்குத் தனி அறை, உயரமான கட்டில், மூடிய கதவு என்றே தொடங்குகின்றன. நம் வீட்டில் குழந்தை பாயில் கிடக்கும், தூளியில் ஆடும், கூடத்து நடுவில் காலை நீட்டி உட்கார்ந்த பாட்டியின் காலில் குளிக்கும். எல்லாம் நாயின் மூக்கு உயரத்தில். அதனால் பழக்கமும் நம் வீட்டுக்குத் தக்கபடி இருக்கவேண்டும்.

தூளியைத்தான் நான் அதிகம் பயந்தேன். தரைக்கு ஒன்றரை அடி மேலே, உள்ளே ஏதோ நெளிய, முன்னும் பின்னும் ஆடுகிற துணி. ஓடுகிறதைத் துரத்தப் பிறந்த பிராணிக்கு அது விளையாட்டுக்கு அழைப்பு. ஏழாம் மாதமே தூளியைக் கட்டி ஆட்டிப் பழக்கவேண்டும் என்றேன். காலித் தூளியை ஆட்டக்கூடாது என்றார் அம்மா போனிலேயே. மூன்று கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டோம். காலியும் இல்லை, அரிசி மங்கலமும் ஆயிற்று. முதல் நாள் மணி பாய்ந்து துணியைக் கவ்வினான். அதட்டவில்லை. கழுத்துப் பட்டையில் கயிறு போட்டு, எட்டடி தள்ளிப் பாயில் உட்காரவைத்து, அரிசி ஆடும்போதெல்லாம் அவன் அமைதியாக இருந்தால் வேகவைத்த கோழித் துண்டு. மூன்று வாரத்தில் தூளி ஆடினால் தானாகவே பாய்க்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தான்.

அழுகைச் சத்தமும் அப்படியே. நாயின் காது நம்மைவிட மிகக் கூர்மை. நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும், அதற்கு 45,000 வரை கேட்கும். குழந்தை அழும் ஒலியைக் கைபேசியில் மெல்லிய சத்தத்தில் வைத்து, சாப்பாடு போடும் நேரத்தில் மட்டும் ஒலிக்கவிட்டு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை சத்தத்தைக் கூட்டினோம். கட்டிலில் எங்களோடு தூங்கியவனைக் கூடத்துப் பாய்க்கு மாற்றியது ஆறாம் மாதம். காலை நடை என்னிடமிருந்து அவருக்குப் போனதும் அப்போதே. இழப்பெல்லாம் குழந்தை வந்த அன்று ஒன்றாக வந்து விழக்கூடாது என்பதுதான் நோக்கம். கடைசி மாதத்தில் பாவம் என்று வழக்கத்துக்கு மேல் கொஞ்சுவதும் தப்பு. பிறகு வரும் குறைவு அவனுக்கு இன்னும் பெரிதாகத் தெரியும்.

"இரு", "பாய்க்குப் போ", "விடு" என்று மூன்று சொல் போதும். ஆனால் எல்லோர் வாயிலும் ஒரே சொல்லாக இருக்கவேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "ஹோகு" என்பார், என் கணவர் இங்கிலீஷில் "கோ" என்பார். அம்மா வந்த அன்றே மூன்று சொல்லையும் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அவர் முதலில் மணியை நன்றாக நடக்கவிட்டுக் கூட்டிவந்தார். நான் வெறுங்கையோடு தனியாக உள்ளே போய் அவன் குதித்து அடங்கும்வரை தடவிக்கொடுத்தேன். அப்புறம்தான் அம்மா பாப்பாவை எடுத்துவந்தார். கயிற்றில் பிடித்தபடி, பாதத்தை மட்டும் தூரத்திலிருந்து மோந்து பார்க்கவிட்டோம். முகத்தருகே கொண்டுபோய்க் காட்டவில்லை. பத்து நிமிடத்தில் அவன் பாய்க்குப் போய்விட்டான்.

ஒன்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பத்தியச் சாப்பாடு. பூண்டுக் குழம்பு, பூண்டு வதக்கல், பூண்டு போட்ட லேகியம் என்று பிரசவித்த வீடே பூண்டாக மணக்கும். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மிச்சத்தை நாய்க்குப் போடுவது நம் எல்லா வீட்டிலும் பழக்கம். அம்மா பாசத்தோடு குழம்புச் சோறு பிசைந்து வைக்கப்போனதை ஒருநாள் கடைசி நிமிடத்தில் தடுத்தேன். உலர்ந்த திராட்சையும் அப்படித்தான், ஒன்றிரண்டுகூடக் கூடாது.

எந்த வழியைத் தேர்ந்தாலும், குழந்தையையும் நாயையும் தனியாக ஒரு நொடி விடக்கூடாது. பால் பொங்குகிறது என்று அடுக்களைக்கு ஓடினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அல்லது நாயை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு ஓடுங்கள். நாய் உதட்டை நக்குகிறதா, தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண் வெள்ளை தெரியப் பார்க்கிறதா என்று பழகிப் பாருங்கள். அது "எனக்கு இடம் வேண்டும்" என்று கேட்கிற விதம். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்தமுறை எச்சரிக்காமலே கடிக்கும். பல்லோ நகமோ பட்டுக் குழந்தையின் தோல் கீறிவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று இருக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

அந்த உறுமல் எங்கள் வீட்டிலும் வந்தது. முதல் ஆறு மாதம் எல்லாம் நல்லபடியாகப் போனதில் நாங்கள் அசந்துவிட்டோம். ஏழரை மாதத்தில் ஒருநாள் மாலை, பாப்பா தவழ்ந்து போய் மணியின் சோற்றுத் தட்டில் கை வைத்தாள். அவன் உடம்பு விறைத்து, தொண்டைக்குள் ஒரு சத்தம். அவர் இரண்டடியில் இருந்தார், பாப்பாவைத் தூக்கிவிட்டார். அன்றிரவு இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லை. மறுபடி தருமபுரி பேச்சு எழுந்தது. ஆனால் மணி உறுமி இடம் கேட்டான், அவ்வளவுதான். கடிக்கவில்லை. தட்டைப் பிள்ளை எட்டுகிற இடத்தில் வைத்தது நாங்கள்.

மறுநாளே பால்கனி வாசலில் திருகாணி இல்லாமல் அழுத்தி நிறுத்துகிற தடுப்புக் கதவு ஒன்று வாங்கி மாட்டினோம். சோறு, எலும்பு, தூக்கம் எல்லாம் இப்போது அந்தப் பக்கம். பாப்பாவுக்குப் பதினாலு மாதம் ஆகிறது. சாயங்காலம் அவள் இந்தப் பக்கம் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, மணி என்று சொல்ல வராமல் "மம்மி, மம்மி" என்று அவனைக் கூப்பிடுகிறாள். அவன் தின்று முடித்து, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் அவர் கதவைத் திறக்கிறார்.